பழைய துப்பறியும் 'பி' படத் தொடர்கள்: எந்த டிவிடி பதிப்பை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

நிழலாடி
வணக்கம் நண்பர்களே. 1930, 40களில் ஹாலிவுட்டில் இரட்டைக் காட்சிக்கு இரண்டாம் படமாக ஓடிய துப்பறியும் தொடர்களை டிஸ்க்கில் சேர்க்க வேண்டும். சார்லி சான், மிஸ்டர் மோட்டோ, பேசில் ராத்போன் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ், செயின்ட், ஃபால்கன், மைக்கேல் ஷேன் ஆகியவை பட்டியலில் உள்ளன. ஒரே படம் ஐந்தாறு லேபிள்களில் கிடைக்கிறது, விலையோ பத்து மடங்கு வேறுபடுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்? 50 படம் கொண்ட மலிவுத் தொகுப்புகளை வாங்கலாமா?

சுருள்பெட்டி
வாங்க நண்பரே. லேபிள் பெயரையும் அட்டைப் படத்தையும் ஒதுக்கிவிட்டு, "இந்த டிஸ்க் எந்தப் பிரிண்டிலிருந்து வந்தது?" என்று கேட்டுப் பழகுங்கள். உரிமையாளரே வெளியிட்டிருந்தால் பெரும்பாலும் 35 மிமீ மூலத்திலிருந்து வந்திருக்கும். பதிப்புரிமை காலாவதியான படத்தை யாரோ ஒருவர் வெளியிட்டிருந்தால், தொலைக்காட்சிக்காக எடுத்த 16 மிமீ நகலின் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் சார்லி சானைப் பார்ப்போம். வகையாகத் தொகுக்கப்பட்டது அதுதான். ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த காலத்தில் சானாக வார்னர் ஓலண்ட் 16 படம் (1931-37), சிட்னி டோலர் 11 படம் (1938-42). படப் பெயர்களில் 'சார்லி சான்' என்பதை விட்டுச் சுருக்கி எழுதுகிறேன். ஓலண்டின் 16ல் நான்கு தொலைந்துவிட்டன: கேரீஸ் ஆன் (1931), சான்ஸ் (1932), கிரேட்டஸ்ட் கேஸ் (1933), கரேஜ் (1934). எஞ்சிய 23 படங்களையும் ஃபாக்ஸ் 2006க்கும் 2008க்கும் இடையே ஐந்து பாக்ஸ் செட்டாக வெளியிட்டது.

முதல் தொகுதி: லண்டன், பாரிஸ், எகிப்து, ஷாங்காய்.
இரண்டாவது: சர்க்கஸ், ரேஸ் டிராக், ஓபரா, ஒலிம்பிக்ஸ்.
மூன்றாவது: பிளாக் கேமல், சீக்ரெட், பிராட்வே, மான்டி கார்லோ.
நான்காவது: ஹோனலூலு, ரீனோ, ட்ரெஷர் ஐலண்ட், சிட்டி இன் டார்க்னஸ்.
ஐந்தாவதில் பனாமா முதல் காஸில் இன் த டெசர்ட் வரை 7 படங்கள்.

பழைய டிஸ்க்காக வாங்கும்போது முதல் தொகுதியில் 'எரான் திரேஸே' இருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்துபோன கேரீஸ் ஆன் படத்தின் ஸ்பானிஷ் பதிப்பு அது. அதே 1931ல் மானுவேல் ஆர்போ சானாக நடித்து எடுத்தது. ஆங்கிலப் படம் போய்விட்டதால், அந்தக் கதை திரையில் எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு மிஞ்சிய ஒரே வழி. அதேபோல மூன்றாம் தொகுதியில் 'பிஹைண்ட் தட் கர்ட்டன்' (1929) கூடுதல் படமாக வரும். விற்பவர்கள் "4 படம்" என்று மட்டும் எழுதி, கூடுதல் படம் உள்ள டிஸ்க்கை விட்டுவிட்டு அனுப்புவது நடக்கிறது. எல்லா டிஸ்க்கின் படமும் கேட்டு வாங்குங்கள்.

பொன்வண்டு
ஃபாக்ஸுக்குப் பிறகு மோனோகிராம் நிறுவனம் எடுத்த சான் படங்களை வாங்கலாமா? மொத்தம் 17 என்று படித்தேன்.

சுருள்பெட்டி
ஆமாம், டோலர் 11, ரோலண்ட் வின்டர்ஸ் 6, எல்லாம் 1944க்கும் 1949க்கும் இடையே. முதல் ஆறும் எம்ஜிஎம் 2004ல் வெளியிட்ட 'சாந்தாலஜி' செட்டில் இருக்கின்றன. 2010ல் டிசிஎம் ஸ்பாட்லைட் வரிசையில் டார்க் அலிபி, டேஞ்சரஸ் மணி, த ட்ராப், த சைனீஸ் ரிங் என்று நான்கு வந்தன. இவற்றை ஃபாக்ஸ் படங்களோடு ஒப்பிடாதீர்கள். மோனோகிராமின் செலவு மிகக் குறைவு. நல்ல பிரிண்டிலும் படப்பிடிப்பு அரங்கின் வெறுமை தெரியத்தான் செய்யும். ஃபாக்ஸ் ஐந்தும் கைக்கு வந்தபிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சாந்தாலஜியில் 'மீட்டிங் அட் மிட்நைட்' என்று இருப்பதும் வேறு இடங்களில் 'பிளாக் மேஜிக்' (1944) என்று இருப்பதும் ஒரே படம். இரண்டு முறை காசு கொடுக்க வேண்டாம்.

வடகரையான்
இந்தத் தொடரைப் பரிந்துரைக்கும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும் நண்பர்களே. ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். டோலரும் வின்டர்ஸும் வெள்ளையர்கள். சீனத் துப்பறிவாளர் வேடத்தை ஒரு சீனருக்குக்கூடக் கொடுக்கவில்லை. 2003ல் ஃபாக்ஸ் மூவி சேனல் இந்தப் படங்களை ஒளிபரப்ப முயன்றபோது ஆசிய அமெரிக்க அமைப்புகள் எதிர்த்தன, சேனல் நிறுத்திவைத்தது. டிவிடி வந்தது அதற்குப் பிறகுதான்.

சானின் மூத்த மகனாக நடித்த கீ லூக் உண்மையான சீன அமெரிக்கர். அவருக்கே நாயக வேடம் கிடைத்த படத்தையும் இந்தச் சேகரிப்பில் வைக்க வேண்டும் என்பேன்: மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளர் தொடரின் ஆறாவதும் கடைசியுமான 'ஃபேண்டம் ஆஃப் சைனாடவுன்' (1940). முந்தைய ஐந்திலும் வாங்காக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். ஆறையும் வரிசையாகப் பார்த்தால் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

சுருள்பெட்டி
முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கீ லூக் மோட்டோ தொடரிலும் இருக்கிறார். ஓலண்ட் படப்பிடிப்பை விட்டு வெளியேறியதால் பாதியில் நின்ற சான் படம்தான் 'மிஸ்டர் மோட்டோஸ் கேம்பிள்' (1938) ஆக மாறியது. அதனால்தான் அதில் சானின் மகன் லீ, மோட்டோவின் மாணவனாக வருகிறான்.

பீட்டர் லோரே நடித்த மோட்டோ படங்கள் மொத்தம் 8 (1937-39). இரண்டு ஃபாக்ஸ் செட்டிலும் நான்கு நான்காக எட்டும் அடங்கிவிடும். இரண்டாவது செட்டில் 1965ன் 'ரிட்டர்ன் ஆஃப் மிஸ்டர் மோட்டோ'வும் உண்டு. இரண்டே செட்டில் முடிந்துவிடும் தொடர் என்பதால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நிழலாடி
மிக்க நன்றி. ஹோம்ஸுக்கு எது நல்லது? நான்கு படம் ஒரே டிஸ்க்கில் மிக மலிவாகக் கிடைக்கிறது.

சுருள்பெட்டி
அந்த நான்கும் எவை என்று பார்க்காமலே சொல்லலாம்: சீக்ரெட் வெப்பன், வுமன் இன் கிரீன், டெரர் பை நைட், டிரெஸ்ட் டு கில். ராத்போனும் நைஜல் புரூஸும் நடித்த 14 படங்களில் (1939ல் ஃபாக்ஸில் 2, 1942-46ல் யுனிவர்சலில் 12) பதிப்புரிமை காலாவதியானவை இந்த நான்கும்தான். அதனால்தான் எல்லா மலிவு லேபிளும் இதே நான்கைத் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது.

வாங்க வேண்டியது யூசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்த பிரிண்ட். எம்பிஐ நிறுவனம் 14 படங்களையும் சேர்த்து 2011ல் ப்ளூரே செட்டாக வெளியிட்டது. அதற்கு முன் அவர்களே டிவிடியாகவும் விட்டார்கள். அந்த டிவிடிகூட மலிவுப் பதிப்புகளைவிடப் பல மடங்கு மேல்.

கண்ணால் சரிபார்க்க ஒரு வழி. சீக்ரெட் வெப்பனில் ஆடும் மனித உருவங்களாக எழுதிய சங்கேதத் தாளை ஹோம்ஸ் ஆராயும் காட்சியில் நிறுத்துங்கள். நல்ல பிரிண்டில் தாளின் சாம்பல் நிறமும், அதன்மேல் ஒவ்வொரு உருவத்தின் கையும் காலும் தனித்தனியாகத் தெரியும். நகலின் நகலில் தாள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், ராத்போனின் கறுப்புக் கோட்டு பின்னாலுள்ள நிழலோடு கலந்துவிடும். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நடுவிலுள்ள சாம்பல் படிகள் குறைந்து, வெள்ளை இன்னும் வெள்ளையாகவும் கறுப்பு இன்னும் கறுப்பாகவும் ஆவதால் வரும் கோளாறு இது. எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இடப் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. 70 நிமிடப் படம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 9 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், டிவிடி தரும் உச்சத்துக்கே பக்கம். இரண்டு படம் என்றால் 4.5, அதுவும் தாராளம். நான்கு படத்தைத் திணித்தால் 2.2 தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பனிமூட்டம், சிகரெட் புகை, இருட்டுச் சுவர் வரும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். துப்பறியும் படத்தில் இந்த மூன்றும் இல்லாத பத்து நிமிடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பொன்வண்டு
'டிரெஸ்ட் டு கில்' என்று தேடுபவர்கள் கவனிக்கவும். 1946 ஹோம்ஸ் படம் ஒன்று, 1941ல் லாயிட் நோலன் நடித்த மைக்கேல் ஷேன் படம் ஒன்று, 1980ல் வந்த, இவற்றோடு தொடர்பே இல்லாத படம் ஒன்று. மூன்றுக்கும் ஒரே தலைப்பு. ஹோம்ஸ் படத்துக்குப் பிரிட்டனில் 'சீக்ரெட் கோட்' என்று வேறு பெயரும் உண்டு. ஆண்டையும் நடிகரையும் சேர்த்தே தேடுங்கள்.

ஷேன் தொடரைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். இரண்டாம் தொகுதி எங்குமே தென்படவில்லை.

சுருள்பெட்டி
வராத தொகுதி எப்படித் தென்படும் தம்பி! நோலனின் ஷேன் படங்கள் 7. ஃபாக்ஸ் 2007ல் முதல் தொகுதி என்று நான்கை வெளியிட்டது: பிரைவேட் டிடெக்டிவ், ஸ்லீப்பர்ஸ் வெஸ்ட், புளூ ஒயிட் அண்ட் பெர்ஃபெக்ட், த மேன் ஹூ உட்ன்ட் டை. அதோடு நிறுத்திவிட்டார்கள். விடுபட்டவை நீங்கள் சொன்ன 1941 படம், ஜஸ்ட் ஆஃப் பிராட்வே, டைம் டு கில் (இரண்டும் 1942). இதில் டைம் டு கில், ரேமண்ட் சாண்ட்லரின் 'த ஹை விண்டோ' நாவலை ஷேனுக்காக மாற்றியது. அதைச் செட்டில் சேர்க்காமல் விட்டது பெரிய இழப்பு என்பதே என் கருத்து. இரண்டாம் தொகுதி என்ற பெயரில் யாராவது விற்றால், வீட்டில் எரித்த (கணினியில் பதிவெடுத்த) டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை
ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற பூட்டு, பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இங்கே எழுதுபவர்கள் பல நாட்டிலும் இருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் 1, பிரிட்டனும் ஐரோப்பாவும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூரேயில் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ, பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. ஆகவே சிங்கப்பூர்க்காரர் அமெரிக்க ப்ளூரேயைக் கவலையின்றி வாங்கலாம், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் 'ஏ' என்று பூட்டிய டிஸ்க்கா என்று முதலில் பார்க்க வேண்டும். கணினி டிவிடி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவதில் அப்படியே நின்றுவிடும். ஒரு பழைய யூஎஸ்பி டிரைவை ரீஜன் 1க்கென்றே ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்தது ஓடும் நேரம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், ஐரோப்பிய பிஏஎல் டிவிடி 25. படத்தை வேகமாக ஓட்டித்தான் அதில் ஏற்றுவார்கள். 60 நிமிட டெரர் பை நைட் அதில் 57 நிமிடம் 36 நொடி ஆகிவிடும், குரலும் சற்று மேல் சுருதிக்கு ஏறும். ராத்போனின் குரல் பழகியவர்களுக்கு உடனே உறுத்தும். 4 சதவீதம் குறைந்திருந்தால் வெட்டிய பிரிண்ட் என்று பதற வேண்டாம். அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால், தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரிண்ட் என்று சந்தேகப்படுங்கள்.

இன்னும் மோசமானது என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை) மாஸ்டரை அப்படியே பிஏஎல்லாக மாற்றிய டிஸ்க். கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒருவர் முகம் இரண்டாகப் பேய் போலத் தெரிந்தால் அது கலந்துபோன ஃபிரேம், திருத்த வழியில்லை. ஐந்தில் மூன்று ஃபிரேம் சுத்தமாகவும் இரண்டு மட்டும் சீப்புப் பல் போலக் கோடு விழுந்தும் இருந்தால் அது சாதாரண டெலிசினி, 24 ஃபிரேம் சினிமாவை என்டிஎஸ்சிக்கு மாற்றும் வழக்கமான முறை. பிளேயரோ மென்பொருளோ சரிசெய்துவிடும்.

வடகரையான்
அகலத்திரை என்று போட்டு விற்கும் பதிப்புகளைத் தொடவே தொடாதீர்கள். இந்தப் படங்கள் எல்லாமே 1.37 விகிதம். 16:9 ஆக்க மேலும் கீழும் சேர்த்துக் கால் பாகம் வெட்டப்படும். ஒரு கை மேசை இழுப்பறையைத் திறப்பதுதான் துப்பு என்றால், அந்தக் கையே ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

நிழலாடி
செயின்டும் ஃபால்கனும் வார்னர் நிறுவனத்தின் பழைய பட வரிசையான வார்னர் ஆர்க்கைவில் இருக்கின்றன. ஆனால் அவை டிவிடி-ஆர் என்கிறார்களே, நம்பலாமா?

சுருள்பெட்டி
தாராளமாக வாங்குங்கள். வேறு வழியும் இல்லை. வார்னர் ஆர்க்கைவ் 2009 மார்ச்சில் தொடங்கியபோது, கேட்பவருக்கு மட்டும் எரித்துக் கொடுக்கும் முறைதான். விற்பனை குறைவான படங்கள் வெளியே வந்ததற்கே அதுதான் காரணம். ஜார்ஜ் சாண்டர்ஸின் செயின்ட் படங்கள் ஐந்தும் ஒரே செட். ஃபால்கன் 13 படம், முதல் தொகுதியில் 7, இரண்டாவதில் 6. சாண்டர்ஸ் விலகியபோது அவருடைய சொந்த அண்ணன் டாம் கான்வேயே வந்து தொடரை எடுத்துக்கொள்ளும் 'ஃபால்கன்ஸ் பிரதர்' (1942) முதல் தொகுதியில் வரும். அதற்கு முந்தைய 'ஃபால்கன் டேக்ஸ் ஓவர்' சாண்ட்லரின் 'ஃபேர்வெல் மை லவ்லி' கதை. இந்த இரண்டுக்காகவே முதல் தொகுதி வாங்கலாம்.

வாங்கியபின் என்ன செய்ய வேண்டும் என்பதை அலைவரிசை சொல்லட்டும்.

அலைவரிசை
டிவிடி-ஆரில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் சாயத்தைக் கெடுக்கும். அச்சடித்த டிஸ்க்கில் அலுமினியப் படலம், அது காற்றுப் பட்டால் கெடும். எது ஆனாலும் வந்த வாரத்திலேயே நகல் எடுத்துவிடுவது பாதுகாப்பு. சொந்தப் பயன்பாட்டு நகலுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் நாட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் காண: அடிப்பக்கம் ஊதாவாகவோ நீலமாகவோ இருந்தால் எரித்தது, வெள்ளியாக இருந்து உள்வளையத்தில் ஐஎஃப்பிஐ எண் (அச்சிட்ட ஆலையைக் காட்டும் குறி) இருந்தால் அச்சடித்தது. மென்பொருள் "டிவிடி-ரோம்" (அச்சடித்த டிஸ்க்) என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். டிவிடி+ஆர் டிஸ்க்கில் அந்த அடையாளத்தை எரிக்கும்போதே மாற்றி எழுத முடியும். கள்ளப் பதிப்புகளில் இது சகஜம்.

நகலெடுக்கும் முன் பிழை எண்ணிக்கை பார்க்கலாம். இதை எல்லா டிரைவும் காட்டாது. லைட்ஆன் டிரைவும் ஆப்டி டிரைவ் கன்ட்ரோல் போன்ற மென்பொருளும் சேர்ந்தால் வரும். பிஐ பிழை (படிக்கும்போது டிரைவ் கண்டு திருத்திக்கொள்ளும் பிழை) 8 தகவல் தொகுதிக்கு 280க்குள் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. 20, 30 என்று இருந்தால் அருமை. வெளிவிளிம்பை நெருங்க நெருங்கக் கோடு செங்குத்தாக ஏறினால், இன்றே நகலெடுங்கள்.

நிழலாடி
இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பாக்ஸ் செட்டில் டிஸ்க் ஒன்று சரியாகப் பாதியில் உறைகிறது. கீறலே இல்லை. தொடக்கமும் முடிவும் நன்றாக ஓடுகின்றன. துடைத்தும் பயனில்லை.

அலைவரிசை
கீறல் இல்லை, நடுவில் மட்டும் உறைகிறது என்றால் அது இரட்டை அடுக்கு டிஸ்க், விளிம்பிலிருந்து அரிக்கத் தொடங்கியிருக்கிறது.

காரணம் இதுதான். லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படிக்கும். விளிம்பை எட்டியதும் இரண்டாம் அடுக்குக்கு மாறி, வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். ஆகவே டிஸ்க்கின் உள்ளடக்கத்தில் நடுப்பகுதிதான் வெளிவிளிம்பில் இருக்கிறது. ஒட்டுப்பசை விட்டு ஈரமும் காற்றும் முதலில் நுழைவதும் அந்த விளிம்பில்தான். ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் இதே கேடு வந்தால் உறைவது படத்தின் முடிவில். கொலையாளி யார் என்று சொல்லும் இடத்தில் நின்றுவிடும்!

டிஸ்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பிலிருந்து பால் போன்ற மங்கலான வளையம் உள்நோக்கி வந்திருக்கும். ஊசித்துளைகளாகவும் இருக்கலாம். உங்கள் செட் 2006க்கும் 2008க்கும் இடையே வார்னர் தயாரித்ததாக இருந்தால், அந்த ஆண்டுகளின் சில டிவிடிகளில் கோளாறு இருப்பதை நிறுவனமே 2025ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையில் மீட்க:

முதலில் விஎல்சி பிளேயர் மென்பொருளில் டிஸ்க்கைப் பத்து நொடி ஓட்டி நிறுத்துங்கள். நகலெடுக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க் என்றால் அப்போதுதான் டிரைவ் அந்தப் பூட்டை விடுவிக்கும். இதைச் செய்யாமல் படித்தால் நல்ல பகுதிகூடப் பிழை என்று வரும். பலரும் டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற தகவல் மீட்பு மென்பொருளில் பிளாக் அளவு 2048 வைத்து, எது படித்தது, எது விட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு ஒன்றும் கொடுத்து, முதல் சுற்றில் சேதப் பகுதியைத் தாண்டிச் செல்ல விடுங்கள். நல்ல பகுதி முழுக்கக் கைக்கு வந்துவிடும். இரண்டாம் சுற்றில் மூன்று மறுமுயற்சி. அதற்கும் வராவிட்டால் டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு, அதே மேப் கோப்போடு தொடருங்கள். விட்டுப்போன இடங்களை மட்டும் அது படிக்கும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது சாதாரணம். இரட்டை அடுக்கு டிஸ்க் உச்சமாக 8.5 ஜிபி, ஆக 100 டிஸ்க்கும் ஒரு டெராபைட்டில் அடங்கும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்துவைத்து ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

வடகரையான்
வைக்கும் இடமும் முக்கியம். கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி. 20 டிகிரியும் 40 முதல் 50 சதவீத ஈரமும் நூலகங்கள் பின்பற்றும் அளவு. அது முடியாத வீட்டில் மூடி இறுகிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுவது. டிஸ்க்கை நூல்போல நிமிர்த்தி வையுங்கள். காகித உறையில் வரும் 50 படத் தொகுப்பு டிஸ்க்குகள் இரண்டு பக்கமும் தகவல் உள்ளவை, எந்தப் பக்கம் உரசினாலும் படம் போகும். உடனே கூடு மாற்றுங்கள். டிவிடி-ஆரின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

கூட்டிலிருந்து எடுக்கும்போது நடுவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் குமிழை அழுத்தி விடுவித்தபிறகே தூக்குங்கள். விளிம்பைப் பிடித்து நெம்பினால் நடுத்துளையைச் சுற்றி முடி போன்ற விரிசல் விழும், அது மெல்ல நீளும்.

பொன்வண்டு
அப்படியானால் காலாவதியான படங்களின் மலிவு டிஸ்க் ஒன்றுமே வேண்டாமா?

சுருள்பெட்டி
அப்படிச் சொல்ல மாட்டேன். பாரமவுண்டின் புல்டாக் டிரம்மண்ட் படங்கள் எட்டு (1937-39, ஏழில் ஜான் ஹோவர்ட், முதலாவதில் ரே மிலண்ட்). அவை பெரும்பாலும் மலிவு லேபிளில்தான் கைக்குக் கிடைக்கும். அங்கே இரண்டு மூன்று லேபிளின் டிஸ்க்கையும் வாங்கி, அதே காட்சியை ஒப்பிட்டு, நல்லதை வைத்துக்கொள்ளலாம், விலை அவ்வளவுதான். ஆனால் உரிமையாளர் பதிப்பு இருக்கும் ஹோம்ஸுக்கு அதைச் செய்யாதீர்கள்.

நிழலாடி, உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: மோட்டோ இரண்டு செட், ஹோம்ஸ் ப்ளூரே, அடுத்து சான் முதல் தொகுதியிலிருந்து. சான் பாக்ஸ்கள் பழைய டிஸ்க்காகத்தான் கிடைக்கும், அதனால் எண் வரிசைக்காகக் காத்திராமல் கிடைத்ததை எடுங்கள். ஐந்தாம் தொகுதி எங்கே கண்டாலும் விடாதீர்கள், டோலரின் கடைசி ஏழு ஃபாக்ஸ் படமும் அதில்தான் இருக்கின்றன.

நிழலாடி
டிடிரெஸ்க்யூ முதல் சுற்று முடிந்தது. 7.9 ஜிபியில் 61 எம்பி மட்டும் விட்டுப்போயிருக்கிறது, எல்லாம் நடுவிலேயே. இரண்டாவது டிரைவில் மேப் கோப்போடு தொடர்கிறேன். விட்டது எந்தப் படத்தில், எந்த நிமிடத்தில் விழுகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

அலைவரிசை
மேப் கோப்பில் ஒவ்வொரு சேதத்தின் தொடக்க இடமும் பைட் கணக்கில் இருக்கும். அதை 2048ஆல் வகுத்தால் செக்டர் (டிஸ்க்கில் 2048 பைட் கொண்ட துண்டு) எண். ஐசோபஸ்டர் மென்பொருளில் அந்த ஐஎஸ்ஓவை (மீட்ட முழு டிஸ்க் நகலை) திறந்து, எந்த விஓபி கோப்பு (டிவிடியின் படக் கோப்பு) அந்த செக்டரில் இருக்கிறது என்று பாருங்கள். படம் எது என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தின் முதல் விஓபி எந்த செக்டரில் தொடங்குகிறது என்பதைக் கழித்து, அந்தப் படத்தின் மொத்த செக்டரால் வகுத்து, ஓடும் நேரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நிமிடம் வரும். அதே படத்தின் இன்னொரு டிஸ்க் யாரிடமாவது இருந்தால், அவர்கள் முழு டிஸ்க்கை அனுப்ப வேண்டியதில்லை. ஒரே பதிப்பு, ஒரே அச்சு என்றால் அந்த 61 எம்பி பகுதியை மட்டும் படித்து நிரப்பிவிடலாம். பாக்ஸின் பெயரையும் உள்வளைய எண்ணையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.